சூபாக்காவைக் கொன்றவர் யார்?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலிருந்தும், தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்துள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்தும் மாதந்தோறும் வந்து கூடுகிற நம் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,



சென்ற கூட்டத்தில் 'வெக்டர் பிரைம்' என்னும் ஆங்கில நாவலைக் குறித்து எழுந்த விவாதம், தேநீர் ஆறுவதற்குள் வாக்குவாதமாகி, வாக்குவாதம் கலகமாகி, நன்றியுரை கூறப்படுவதற்கு முன்பே சிலர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் பின்னர் இரு தரப்பாரும் தத்தம் அபிப்பிராயங்களை எழுத்தில் வடித்து, வயதில் மூத்தவன் என்ற ஒரே காரணத்தை முன்னிட்டு எனக்கு அனுப்பித் தீர்ப்புக் கூறுமாறு பணித்திருக்கிறீர்கள். நாட்டாண்மை செய்கிற ஆசை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆயினும் நீங்கள் எழுதியனுப்பியவற்றை எல்லாம் ஆதியோடந்தமாகப் படித்தபோது, இரு தரப்பாரும் ஒரே வினாவுக்கு இருவேறு விடைகளைச் சொல்லவில்லை என்பதும், இருவேறு வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வினா என்று எண்ணிப் பொருதுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெளிவாயிற்று. அதைச் சொல்லவே இம்மடல்.

நூலைப் படியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் ஆகையால் அதன் பூர்வோத்தரத்தைச் சற்றே கூறிவிடுகிறேன். 1977ஆம் ஆண்டு ஜார்ஜ் லூக்காஸ் என்னும் அமெரிக்கர் எடுத்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் உலகெங்கும் ஓடிப் புகழ் பெற்றதையும், அதைத் தொடர்ந்து மேலும் இரண்டு படங்கள் வந்து 1983இல் அந்தக் கதை ஒருவாறு நிறைவெய்தியதையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் பணம் விளைகிற கதை அவ்வளவு சுலபமாக நிறைவெய்திவிடுமா? 1991இல் திமோத்தி ஸான் என்பவர் எழுதிய 'ஹெயர் டு தி எம்பயர்' என்ற நாவலைப் பேண்டம் பிரசுராலயத்தார் வெளியிட, அது அமோகமாக விற்பனையாகி, அந்தப் பத்தாண்டு முழுவதும் அதே பாத்திரங்களை வைத்து வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதிய நாவல்கள் வரிசை வரிசையாக வெளிவந்தன. நாவலுக்கு நாவல் புதிய பகைவன் முளைப்பான்; புதிய பேராயுதம் ஒன்று கண்டுபிடிக்கப்படும்; முடிவில் லூக்கும் லேயாவும் ஹான் சோலோவும் அவனுடைய உரோமம் அடர்ந்த தோழன் சூபாக்காவும் ஒரு கீறலுமின்றி மீண்டு வருவார்கள். நாயகர்களுக்கு ஒன்றும் நேராது என்பது வாசகர்களுக்கு மனப்பாடமாகிவிட்டபடியால் அந்த நாவல்களில் அபாயம் என்பதே அபாயமற்றதாகிவிட்டது.

பிரசுர உரிமை பேண்டத்தாரிடமிருந்து டெல் ரே நிறுவனத்தாருக்கு மாறியபோது, அந்தச் சலிப்பை உடைத்தெறிய வேண்டும் என்று தீர்மானித்து, 'நியூ ஜெடாய் ஆர்டர்' என்ற தலைப்பில் 2003 வரை நீண்டு 19 நாவல்களாக முடிந்த ஒரு பெருந்தொடரை அவர்கள் வகுத்தார்கள். அதன் முதல் நூலாக 1999 அக்டோபரில் வெளிவந்ததுதான் ஆர். ஏ. சால்வட்டோர் எழுதிய 'வெக்டர் பிரைம்'. மாயாஜாலக் கதைகளில், அதிலும் டிரிஸ்ட் என்னும் கரிய வீரனைப் பற்றிய கதைகளில், பெயர் பெற்றிருந்த சால்வட்டோருக்கு இந்த விண்ணுலகம் புதிது.

கதை இதுதான். நாயகர்கள் நரை கண்டுவிட்டார்கள். அவர்களுடைய மக்கள் வளர்ந்து வாலிபர்களாகியிருக்கிறார்கள். நட்சத்திர மண்டலத்துக்கு அப்பாலிருந்து யூஸான் வாங் என்ற ஓர் இனம் படையெடுத்து வருகிறது. அவர்கள் இயந்திரங்களை மகாபாவம் என்று வெறுப்பவர்கள். கப்பல், கவசம், ஆயுதம் அனைத்தையும் உயிருள்ள ஜந்துக்களாகவே வளர்த்துப் பயன்படுத்துபவர்கள். அந்தக் கதையுலகத்தில் சர்வ ஜீவராசிகளிலும் வியாபித்திருப்பதாகச் சொல்லப்படுகிற ஃபோர்ஸ் என்னும் சக்தியால் அறிய முடியாதவர்கள். செர்ன்பிடால் என்ற கிரகத்தின் மீது அதன் சந்திரனையே இழுத்து வீழ்த்துகிறார்கள். குடிமக்களைக் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றுகிற முயற்சியில், ஹானின் இளைய மகன் அனகினைக் காப்பாற்றித் தூக்கிக் கப்பலுக்குள் எறிந்துவிட்டுச் சூபாக்கா தரையிலேயே தங்கிவிடுகிறான். கப்பலைச் செலுத்துகிற பொறுப்பில் இருந்த அந்தப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, திரும்பினால் ஏறியிருக்கிற அனைவரும் மடிவார்கள் என்று கண்டு, அவனை விட்டுவிட்டுக் கப்பலை மேலெழுப்புகிறான். விழுகிற சந்திரனை நோக்கி முஷ்டியை உயர்த்தியபடி சூபாக்கா மாள்கிறான். தந்தை மகனை மன்னிக்க மறுக்கிறார்.

இந்த மரணத்தின் மேல் அமெரிக்காவில் எழுந்த கூக்குரல் அசாதாரணமானது. சால்வட்டோருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. கொலை மிரட்டல்களும் வந்தன. கால் நூற்றாண்டு கழித்து, மலேசியாவில், ரந்தாவிலிருந்தும் லிங்கியிலிருந்தும் பகாவிலிருந்தும் வந்து கூடுகிற தமிழ் வாலிபர்களிடையிலும் அதே கூக்குரல் எழுந்திருக்கிறதென்றால், அந்த அத்தியாயத்தில் ஏதோ வலு இருக்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் கடிதங்களுக்கு வருகிறேன். முதல் தரப்பாரின் வாதம், இது துரோகம் என்பது. சிறுவயது முதல் தங்களுடன் இருந்த ஒரு பாத்திரத்தை விற்பனைக்காகப் பலியிட்டுவிட்டார்கள் என்றும், வேடிக்கையும் வீரமும் நிறைந்திருந்த ஓர் உலகத்தில் சித்திரவதையும் இரத்தமுமாக ஓர் இனத்தைக் கொண்டுவந்து புகுத்தி அதன் சுபாவத்தையே கெடுத்துவிட்டார்கள் என்றும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் மேலும் ஒரு படி சென்று, எந்த அனகினைக் காப்பதற்காகச் சூபாக்கா உயிரைக் கொடுத்தானோ அந்த அனகினையே இரண்டாண்டு கழித்து, 2001இல் வெளிவந்த 'ஸ்டார் பை ஸ்டார்' நாவலில் டிராய் டென்னிங் கொன்றுவிடுகிறாரே, அப்படியானால் முதல் தியாகத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். மிகக் கூர்மையான கேள்வி அது. எதிர்த் தரப்பார் எவரும் அதற்கு விடையளிக்கவில்லை.

இரண்டாந் தரப்பார் சொல்வது இதற்கு நேர்மாறு. சாகாத நாயகர்கள் நாயகர்களே அல்லர் என்றும், இந்த ஒரு மரணத்தால்தான் அதற்குப் பின் வருகிற ஒவ்வொரு அபாயமும் மெய்யாயிற்று என்றும், ஹான் சோலோ என்ற விளையாட்டுப் பிள்ளை முதன்முறையாக மனிதனாவது இந்த நூலில்தான் என்றும் வாதிட்டிருக்கிறீர்கள்.

இவ்விரு தரப்பிலும் சேராமல் ஒரு சகோதரி எழுதியிருந்த இரண்டு பக்கங்கள்தான் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தன. அவருக்குச் சூபாக்காவின் மேல் விசேஷமான பிரீதி ஒன்றும் இல்லை. கப்பலில் இடம் போதாமல் ஜனங்கள் நெருக்கியடிக்கிற அந்தக் காட்சியைப் படித்தபோது, தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு வெளியேறுமாறு நோட்டீசு வந்த நாட்களில் தம் குடும்பத்தார் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தவித்தது நினைவுக்கு வந்ததாகவும், நாவலாசிரியர் அந்த ஜனங்களுக்குப் பெயர்கூடக் கொடுக்காமல் நாயகனுடைய மரணத்துக்குப் பின்னணியாக மட்டும் வைத்திருப்பது தமக்கு வருத்தமளித்ததாகவும் எழுதியிருக்கிறார். சிரம்பான், லாபு, நீலாய் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு, ஒரு கிரகமே காலியாகிற காட்சியில் நாயகனை விட்டுவிட்டு ஜனங்களைப் பார்க்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அமெரிக்க வாசகர்களின் சச்சரவில் இப்படியொரு பார்வை முன்னுக்கு வந்ததாக நான் அறியேன். நம் வட்டத்தின் விவாதத்துக்கு நம்முடையது என்று சொல்லத்தக்க ஓர் அம்சம் இருக்குமானால் அது இந்த இரண்டு பக்கங்களே. அவற்றைக் கூட்டத்தில் யாரும் படிக்கவிடவில்லை என்று கேள்விப்பட்டேன், அது முறையன்று.

இப்பொழுது நான் சொல்ல வந்தது. துரோகம் என்பவர்கள் கேட்கிற வினா, சூபாக்கா இறந்திருக்க வேண்டுமா என்பது. நூல் நன்று என்பவர்கள் விடை சொல்கிற வினா, சூபாக்கா இறந்த விதம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது. முதல் வினாவுக்குப் பொறுப்பாளி ஒருவர். இரண்டாவது வினாவுக்குப் பொறுப்பாளி வேறொருவர். நம் தோட்டத்து வழக்கில் சொல்வதானால், இப்படிப்பட்ட கதையுலகம் கம்பெனித் தோட்டம். மண் கம்பெனிக்குச் சொந்தம். எந்தக் காட்டை எந்த ஆண்டில் அழித்து மறுநடவு செய்வது என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். பெரட்டில் பெயர் கொடுத்து, தமக்கு விடப்பட்ட நிரையில் மரம் சீவுகிறவர், பட்டையைக் காயப்படுத்தாமல் சீவிப் பாலெடுத்தாரா என்பதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். இந்த நாவலின் விஷயத்தில், முக்கியப் பாத்திரங்களில் ஒருவர் இறந்தே தீர வேண்டும் என்பது பதிப்பாசிரியர்களும் உரிமையாளர்களும் கூடிச் செய்த முடிவு. அது தம்முடைய முடிவன்று என்பதைச் சால்வட்டோரும் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வசைக் கடிதங்களோ அட்டையில் பெயர் இருந்தவருக்குப் போயின. காட்டை அழித்ததற்காக மரம் சீவினவர் வீட்டு வாசலில் போய் நின்று ஏசியவர்களை நாம் நியாயஸ்தர்கள் என்று சொல்வோமா?

'கூலி வாங்கிக்கொண்டுதானே செய்தார், மறுத்திருக்கலாமே' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்கலாம். உடன்பட்டு எழுதியவருக்கு அந்த உடன்பாட்டின் பொறுப்பு உண்டுதான். ஆனால் அதை அளக்க நமக்கு இருக்கிற சான்று நூல் ஒன்றே. ஆகவே நூலைப் பார்ப்போம்.

என் அபிப்பிராயத்தில் 'வெக்டர் பிரைம்' ஒரு நடுத்தரமான நாவல். அதற்குள் ஓர் உயர்ந்த அத்தியாயம் இருக்கிறது. முற்பாதி முழுவதும் பெயர்களும் கிரகங்களும் உபகதைகளும் நெருங்கிக் கிடக்க, கதை எங்கே போகிறதென்று தெரியாமல் வாசகன் தடுமாறுகிறான். அரசியல் சூழ்ச்சிக்காரனாக வருகிற நோம் அனோர், நாடகத்து வில்லன் திரைக்குப் பின்னால் நின்று சிரிப்பதைப் போல எழுதப்பட்டிருக்கிறான். லூக்கின் மனைவி மாராவின் வியாதி கனமான விஷயம். அதை ஆசிரியர் பாதி வழியில் கைவிட்டுவிடுகிறார். விண்கலங்கள் மோதுகிற பக்கங்களை நான் புரட்டினேன் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அனகினும் அவன் தமையன் ஜேசனும் செய்கிற தர்க்கத்தை அவ்விதம் ஒதுக்கிவிட முடியாது. ஃபோர்ஸ் என்பது கையிலெடுத்துக் காரியம் செய்வதற்கு வாய்த்த கருவி என்கிறான் இளையவன். அது உள்நோக்கித் தியானித்து உணர வேண்டிய பொருள், அதைக் கருவியாக்குவதே பிழை என்கிறான் மூத்தவன். கர்ம மார்க்கத்தையும் ஞான மார்க்கத்தையும் குறித்து நம் பெரியவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் விசாரணையை, இரண்டு அமெரிக்கப் பிள்ளைகள் விண்கலத்தில் உட்கார்ந்து சண்டையாகப் போடுவது முதலில் எனக்கு நகைப்பாக இருந்தது; பின்னர், செயலே பெரிதென்று சாதித்த அந்த இளையவன்தான் செர்ன்பிடாலில் ஒருவனை விட்டுப் பலரைக் காக்கிற செயலைச் செய்ய நேர்கிறது என்பதைக் கண்டபோது, ஆசிரியர் அந்தத் தர்க்கத்தை வீணுக்கு வைக்கவில்லை என்பது புலப்பட்டது. அவனுடைய சித்தாந்தம் அவனை அந்தக் கணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தக் கணத்துக்குப் பின் அந்தச் சித்தாந்தம் அவனுக்கு ஆறுதல் தரவில்லை. கூலிக்கு எழுதுகிறவன் என்று நீங்கள் இகழ்கிற ஒருவர் செய்த வேலை இது.

அந்த மரண அத்தியாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு அது சடாயுவை நினைவூட்டாமல் இராது. உங்கள் கடிதங்களில் ஒருவர்கூட அதைக் குறிப்பிடாதது எனக்கு வியப்பு. தசரதனுடைய தோழன், தோழனுடைய மக்களுக்காகத் தனியே நின்று, வெல்ல முடியாத பலத்தை எதிர்த்து மடிகிறான். சூபாக்காவும் ஹானுக்குப் பட்ட உயிர்க்கடனை ஹானின் மகனுக்குத் தீர்க்கிறான். ஆனால் சடாயுவுக்கு இராமன் இருந்து ஈமக்கடன் செய்கிறான். அந்தக் கிரியையில் துக்கத்துக்கு ஒரு வடிகால் கிடைக்கிறது. சூபாக்காவின் உடலோடு கிரகமே போய்விட்டது. எரிக்கவோ புதைக்கவோ ஒன்றும் மிஞ்சவில்லை. வடிகால் இல்லாத அந்தத் துக்கம்தான் மகன் மேல் பழியாகப் பாய்கிறது. இந்த மனோதர்மத்தைச் சால்வட்டோர் அறிந்து எழுதினாரா, அறியாமல் எழுதினாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நூலில் அது இருக்கிறது.

வாசகர்கள் கதையின் மேல் உரிமை கொண்டாடுவது அமெரிக்கர்களின் தனிச்சொத்து அன்று. 1893இல் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை நீர்வீழ்ச்சியில் தள்ளிவிட்டுப் பத்தாண்டு கழித்து வாசகர்களின் வற்புறுத்தலால் உயிரோடு மீட்ட கதை பழையது. தமிழிலேயே 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் குறித்து எத்தனை திண்ணைகளில் எத்தனை வழக்குகள் நடந்தன! கதை முடிந்த பின்னும் வழக்கு முடியாமல், வாசகர்களின் வினாக்களுக்கு முடிவுரை எழுதிச் சமாதானம் கூற வேண்டியவராயினார் கல்கி. அந்த வாசகர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். கப்பலில் வந்த இதழ் லயத்துக்கு லயம் கைமாறிக் கந்தலாகும்வரை படிக்கப்பட்டது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அந்தக் கதையைத் தொடர்ந்தார். கல்கி முற்றுப்பெறாமல் விட்டுச்சென்ற 'அமரதாரா'வை அவருடைய புதல்வி ஆனந்தி முடித்தார். இவை சரியா, கல்கியின் கதையைக் கல்கி அல்லாதார் தொடலாமா என்ற சச்சரவு இன்றும் ஓயவில்லை. வாசகர் சினம் எல்லை கடந்ததற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. சுஜாதா குமுதத்தில் எழுதத் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டு, பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு உருவில் வெளிவந்தது. ஆகையால் சால்வட்டோருக்குக் கடிதம் எழுதியவர்களைக் காட்டி மேல்நாட்டாரின் பண்பைக் குறைகூற நமக்கு யோக்கியதை இல்லை.

ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இராமகாதை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாத பொதுநிலம். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்கிறான். கம்பனில் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுக்கிறான். இந்த மண்ணின் மலாய் மொழியில் வழங்குகிற ஹிகாயத் செரி ராமாவிலோ சீதை இராவணன் மனைவிக்கே பிறந்தவள். அனுமன் இராமனுக்கும் சீதைக்கும் மகன்! இவற்றுள் எது அதிகாரபூர்வமானது என்று ஓலை அனுப்புவதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லாதபடியால் மூன்றும் வாழ்கின்றன. ஸ்டார் வார்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2012இல் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தை டிஸ்னி விலைக்கு வாங்கிற்று; 2014 ஏப்ரலில், அதுவரை வந்த நாவல்கள் யாவும் இனி 'லெஜண்ட்ஸ்' என்ற தலைப்பின்கீழ் விற்கப்படும், மெய்யான கதையில் அவை சேர்த்தியல்ல என்று அறிவிப்பு வெளியாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த திரைப்படத்தில் சூபாக்கா திடகாத்திரமாக உயிரோடு இருக்கிறான். தோழனைப் பறிகொடுத்து அழுதிருந்த ஹான் சோலோ தன் மகன் கையாலேயே மடிகிறான். பதினாறு ஆண்டுகளுக்கு முன் மிரட்டல் கடிதம் எழுதியவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்களோ!

இந்த அறிவிப்பைக் காட்டித்தான் உங்களில் ஒருவர், 'நடக்காத சாவுக்கு எதற்கு அழுகை? கம்பெனியே இல்லை என்று சொல்லிவிட்டது. விவாதத்தைக் கைவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். வந்த கடிதங்கள் அனைத்திலும் என்னால் சிறிதும் ஒப்புக்கொள்ள முடியாதது இது ஒன்றே. கம்பெனிக்கு உரிமையுள்ளது இனிமேல் என்ன அச்சிடலாம் என்பதில்; ஒருவர் கண்விழித்துப் படித்துக் கண்ணீர் விட்டதை ரத்துச் செய்ய எந்தச் சாசனத்திலும் ஷரத்து இல்லை. மேலும், சூபாக்கா என்ற ஒருவன் இருந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை என்பது 2014க்கு முன்பே நமக்குத் தெரியாதா? தெரிந்தேதான் படித்தோம். அனகின் கப்பலை மேலெழுப்பியது சரியா என்ற வினா, அந்த நூல் எந்தத் தலைப்பின்கீழ் விற்கப்பட்டாலும் அதே வினாதான்.

வேறு இரண்டு குரல்களும் உங்கள் கடிதங்களில் கேட்கின்றன. அவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். வியாபாரக் கதைகளை வாசகர் வட்டத்தில் எடுத்ததே தவறு என்கிறார் ஒரு பெரியவர். ஐயா, நாம் போற்றுகிற நாவல்களில் பாதி, பத்திரிகை விற்பனைக்காக வாரந்தோறும் எழுதப்பட்டவை. விண்வெளிக்கும் தோட்டப்புறத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். 2007 அக்டோபர் 10ஆம் தேதி ஷேக் முசாபர் சுக்கோர் இந்நாட்டின் முதல் விண்வெளி வீரராகப் புறப்பட்டுச் சென்றார். அதற்கான தேர்வில் இறுதிவரை நின்ற நால்வரில் வனஜா என்ற தமிழ்ப் பெண்மணியும் ஒருவர் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மற்றொரு குரல் இளைஞர் ஒருவருடையது: கல்கியைத் தவிர ஒன்றும் அறியாத கிழவர்களுக்கு இதெல்லாம் விளங்காது என்கிறார். தம்பி, 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, எழுதப் பழகிய மலாயா இளைஞர்களுடன் உட்கார்ந்து கதைகளை வரிவரியாகப் பிரித்துப் பேசினார். அந்த மரபில் வந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; விளக்கினால் அவர்களுக்கு விளங்கும்.

என் முடிவைக் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். சூபாக்காவைக் கொல்ல முடிவு செய்தது வியாபாரம். அந்த முடிவை இகழ்கிறவர்களுக்கு நியாயம் உண்டு. அனகினின் பிற்காலச் சாவு அவர்கள் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஆனால் அந்த வியாபாரத்தின் ஏவலை நிறைவேற்ற வந்தவர், அந்த ஓர் அத்தியாயத்திலும் அதைச் சூழ்ந்த சில பக்கங்களிலும், ஏவியவர்கள் கேட்டதைவிட மேலான ஒன்றைச் செய்திருக்கிறார். நூலில் எஞ்சியவை பெரும்பாலும் மறக்கத்தக்கவை. அந்தச் சகோதரி சொன்ன குறை, பெயரில்லாத ஜனங்களைப் பற்றிய குறை, இரு தரப்பாருடைய வாதங்களைக் காட்டிலும் ஆழமானது. நம் வட்டத்தில் எவரேனும் எழுதுகிறவராக இருந்தால், செர்ன்பிடாலில் கப்பலேறிய ஒரு குடும்பத்தின் கதையை அவர் எழுதலாம். அச்சிட அநுமதி கிடைக்காது. நம் கூட்டத்தில் படிக்க எவருடைய அநுமதியும் வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை சில. முதலில் அந்தச் சகோதரியின் இரண்டு பக்கங்களை அவரே எழுந்து நின்று படிக்கட்டும். முடிகிறவரை குறுக்கே எவரும் பேச வேண்டாம். பாதியில் எழுந்து போனவர்களை அவரவர் பக்கத்துத் தாமானில் இருப்பவர்கள் நேரில் சென்று அழைத்து வாருங்கள். கைப்பேசியில் செய்தி அனுப்புவது போதாது. விவாதம் தொடர்வதானால், சூபாக்கா இறந்திருக்க வேண்டுமா என்பதை ஒரு நாளும், நூல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மற்றொரு நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று: வட்டத்துக்குச் சொந்தமான 'வெக்டர் பிரைம்' பிரதிகள் இன்னும் அலமாரிக்குத் திரும்பவில்லை. கோபத்தில் எடுத்துச் சென்றவர்களும் பிரியத்தில் வைத்திருப்பவர்களும் அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள். பகாவ் பக்கத்து நண்பர்கள் சிலர் இன்னும் படிக்கவில்லை.

இங்ஙனம்,
உங்கள் வட்டத்து மூத்த வாசகன்